‘பால் பவுடருக்கு மாறினவன்’ என்கிறார்கள். விசுவாசத்தில் எப்படி நிற்பது?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. இந்து வீட்டில் பிறந்தவர். இரண்டு வருடமாகச் சர்ச்சுக்கு, ஞாயிறு ஆராதனைக்குப் போகிறார், ஞானஸ்நானம் இன்னும் எடுக்கவில்லை. வீட்டுக்கு மூத்த மகன், திருவாரூரில் ஒரு லேபில் வேலை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. பெரியப்பா ‘பால் பவுடருக்கு மாறினவன்’, அதாவது இலவசத்துக்காக மதம் மாறினவன், என்கிறார். லேபில் ‘அல்லேலூயா’ என்று பட்டப்பெயர். ‘இத்தனை பேர் தப்பு என்று சொல்லும்போது நான் மட்டும் எப்படி இதைப் பிடித்துக்கொண்டிருப்பது?’ என்று முடித்திருக்கிறார். இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பேச்சு வலிக்கிறதே, எப்படித் தாங்குவது என்பது ஒன்று. அவர்கள் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ற சந்தேகம் இன்னொன்று. பொங்கலும் திவசமும் திருவிழா வரியும் வரும்போது எப்படி நடந்துகொள்வது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைப் போகிற போக்கில்தான் கேட்டிருக்கிறார். ஆனால் ஆட்களைச் சாய்ப்பது பெரும்பாலும் அதுதான். இறையியல் படித்து, டெல்டா சபைகளில் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிற ஆள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். என் பழக்கம் லுத்தரன் (புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்று) வழக்கம். கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபைகள் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிக்கிறேன்.

முதலில், உங்கள் காதில் விழும் பேச்சை முறத்தில் போட்டுப் புடையுங்கள். எல்லாவற்றையும் ‘விசுவாசத்துக்காக வரும் பாடு’ என்ற ஒரே கணக்கில் எழுதிக்கொள்வதுதான் புதிதாக வருகிறவர்களிடம் நான் பார்க்கும் பெரிய கோளாறு. பைபிளில் பேதுருவின் முதல் நிருபம் (கடிதம்) 4-ம் அதிகாரம் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. கிறிஸ்துவின் பெயருக்காக நிந்திக்கப்பட்டால் வெட்கப்பட வேண்டாம் என்று சொல்கிற அதே மூச்சில், கொலைகாரனாகவோ திருடனாகவோ அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனாகவோ துன்பப்படாதே என்றும் சொல்கிறது. பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பதைக் கொலை, திருட்டோடு ஒரே வரிசையில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். அப்படிப் புடைத்தால் உங்கள் கேள்வியில் மூன்று வகைப் பேச்சு நிற்கும். இயேசுவைப் பற்றிய பேச்சு ஒன்று, உங்கள் நடத்தையைப் பற்றிய பேச்சு ஒன்று, உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் வரும் பேச்சு ஒன்று. முதலாவதைத் தாங்க வேண்டும். இரண்டாவது சரியாக இருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவதற்கு விவாதம் மருந்தாகாது. வீட்டில் நீங்கள் இன்னும் மூத்த மகன்தான் என்பதை நடந்து காட்டினால்தான் அடங்கும்.

அம்மா சாப்பிடாமல் இருப்பது மூன்றாவது வகை. அவர் மனதில் ஓடுவது திரித்துவக் கோட்பாடாக இருக்காது. ‘நான் செத்தால் கொள்ளி யார் வைப்பது, சின்னவளுக்கு வரன் வருமா, சொந்தக்காரர்கள் வாசல் மிதிப்பார்களா’ என்பதுதான் ஓடும். அவரிடம் வசனம் சொல்லாதீர்கள். அவர் சாப்பிடாத வீட்டில் நீங்கள் உபவாச ஜெபம் என்று அறிவித்துவிட்டுத் தட்டைத் தள்ளாதீர்கள். உபவாசத்தை வெளியே காட்டக் கூடாது என்பது மத்தேயு 6-லேயே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சாப்பிடுங்கள். பெரியப்பாவின் பேச்சில் பாதி இரண்டாவது வகையாக இருக்கக்கூடும். சபைக்குப் போக ஆரம்பித்த பிறகு வீட்டுக்குக் கொடுக்கும் பணம் குறைந்திருக்கிறதா என்று நேர்மையாகப் பாருங்கள். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுப்பதற்காக அம்மாவின் மாத்திரைச் செலவைக் குறைத்திருந்தால் பெரியப்பா சொல்வது நியாயம். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை இயேசுவே மாற்கு 7-ல் கண்டிக்கிறார்.

‘வெள்ளைக்காரன் மதம், பால் பவுடர் மதம்’ என்பதற்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு அமெரிக்க உதவியாக வந்த பால் பவுடரும் கோதுமையும் சர்ச்சுகள் வழியாகவும் விநியோகமானது உண்மை. உதவி கிடைத்த இடத்துக்குச் சிலர் சாய்ந்ததும் நடந்ததுதான்; மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஜில்லாக்களில் கிறிஸ்தவம் அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே வேர்விட்டுவிட்டது. சீகன்பால்கு, புளுட்சோ என்ற ஜெர்மன் மிஷனரிகள் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில். தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது 1715-ல். ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றது 1733-ல். வீரமாமுனிவர் கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் இருந்ததும் அதே நூற்றாண்டின் முதல் பாதி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீகன்பால்குவை 1708-ல் பிடித்து நான்கு மாதம் போல் சிறையில் வைத்தது தரங்கம்பாடியின் டேனிஷ் கவர்னர்தான். வெள்ளைக்கார அரசாங்கம் பின்னால் நின்று ஊட்டி வளர்த்த மதம் என்ற சித்திரம் அந்த இடத்திலேயே கிழிகிறது. இயேசுவின் சீடர் தோமா மயிலாப்பூருக்கு வந்து உயிர்விட்டார் என்பது நெடுங்காலப் பாரம்பரியம். அதை நிரூபிக்கப்பட்ட வரலாறாக வாதத்தில் வைக்காதீர்கள். வேளாங்கண்ணியில் மாதா தோன்றிய கதைகளும் செவிவழியாக வந்தவையே. உறுதியானதை மட்டும் வைத்துப் பேசினால் அடுத்த முறை உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருக்கும்.

பெரியப்பாவுக்கு வரலாற்றுப் பாடமும் தேவைப்படாது. ‘எனக்கு யாரும் காசு கொடுக்கல பெரியப்பா. நான்தான் மாசாமாசம் காணிக்கை போடுறேன். சந்தேகமா இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை என்கூட வந்து பாருங்க’ என்று மூன்று வாக்கியத்தோடு நிறுத்துங்கள். விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் விதம் பற்றிப் பேதுரு சொல்கிற ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ என்பதை நடைமுறையில் அளக்க எளிய வழி, எத்தனை வாக்கியத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான். லேபில் வைத்த பட்டப்பெயருக்குக் கோபப்பட்டால் அது ரிட்டயர் ஆகும்வரை ஒட்டிக்கொள்ளும். சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

‘மாறியும் சாதி போகலையே’ என்று ஒருவர் சொன்னால் எதிர்வாதம் செய்யாதீர்கள், அது உண்மை. 1830-களில் கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூர் சபையில் பலர் கீழ்ப்படிய மறுத்தார்கள். இன்றும் நாம் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரும் அந்த உத்தரவை எதிர்த்தவர்களில் ஒருவர். தனிக் கல்லறை, தனிப் பெஞ்சு என்பவையெல்லாம் இங்கே நடந்தவை. சில ஊர்களில் கல்லறைத் தகராறு இன்னும் ஓயவில்லை. இதை ஒப்புக்கொள்வதால் உங்கள் விசுவாசம் குறையாது. மூடி மறைத்தால்தான் பிற்பாடு தெரியவரும்போது ஆட்டம் காணும்.

அடுத்து, சந்தேகம். ‘பைபிளையே மாத்தி எழுதிட்டானுங்க’ என்பது லேபில் கட்டாயம் வரும். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: புதிய ஏற்பாட்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. மான்செஸ்டரில் இருக்கும் யோவான் சுவிசேஷத் துண்டை வழக்கமாக 2-ம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். பிரதிகளுக்குள் வேறுபாடுகள் உண்டு, அவற்றை ஆய்வாளர்கள் வெளிப்படையாக அச்சிடுகிறார்கள். மாற்கு 16-ன் 9 முதல் 20 வரையுள்ள வசனங்களும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவமும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் இயேசு சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதை, விசுவாசம் இல்லாத வரலாற்று ஆசிரியர்களும் பொதுவாக ஏற்கிறார்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அதைக் குறிப்பிடுகிறார். உயிர்த்தெழுதலை அப்படி வரலாற்றால் நிரூபித்துக் கையில் கொடுக்க முடியாது. சாட்சிகளின் பட்டியலை 1 கொரிந்தியர் 15-ல் அப்போஸ்தலன் பவுல் தருகிறார். சம்பவம் நடந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருடத்துக்குள் எழுதிய கடிதம் அது. அந்தச் சாட்சியை நம்புவதா வேண்டாமா என்ற இடத்தில் விசுவாசம் தொடங்குகிறது. இந்த எல்லையை ஒப்புக்கொண்டே நிற்கலாம். ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று பிள்ளையின் சுகத்துக்காகக் கதறிய தகப்பனை (மாற்கு 9) இயேசு திருப்பி அனுப்பவில்லை. இயேசுவுக்கே ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானகன்கூடச் சிறையிலிருந்து ‘வருகிறவர் நீர்தானா’ என்று அவரிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்.

அற்புத சாட்சிகள் விஷயத்தில் கறாராக இருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ‘செத்தவர் எழுந்தார்’ வீடியோவை அனுப்பியவருக்கே அந்த ஊர் எது என்று தெரியாது. வேலை கிடைத்ததால், வியாதி போனதால் மட்டும் நிற்கிற விசுவாசம், அடுத்த வியாதி வரும்போது சரியும். சுகர் மாத்திரையை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஜெபக்கூட்டமாக இருந்தால் அன்றே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இனி வீடும் ஊரும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா திருநீற்றுத் தட்டோடு வாசலில் நிற்கிறார் என்று வையுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறவர்தான் அதிகம், அந்த ஒரு நொடி அம்மா மனதில் வருடக்கணக்கில் நிற்கும். குனிந்து, ‘அம்மா, ஒங்க கையால தலையத் தொட்டு அனுப்புங்க, எனக்கு அது போதும்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் ஏற்கமாட்டார். தினமும் அதே தொனியில், அதே வார்த்தையில் சொல்ல வேண்டும். சாமி மாடத்தில் இருக்கும் படங்களை ஒருபோதும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், அவை அம்மாவின் உடைமை. வீட்டார் கும்பிடும் தெய்வத்தைப் பிசாசு என்று சொல்வதும், ஸ்டேட்டஸில் அதைப் போடுவதும் கூடவே கூடாது. எபேசு பட்டணமே கொதித்தபோது, இவர்கள் உங்கள் தேவதையைத் தூஷிக்கவில்லை என்று அந்த ஊர் அதிகாரியே பவுலின் கூட்டாளிகளுக்காகச் சாட்சி சொன்னதை அப்போஸ்தலர் 19-ல் வாசியுங்கள். உங்கள் பெரியப்பா உங்களைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடிய நிலை இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கலாம், கரும்பு வாங்கலாம், அடுப்பு மூட்டலாம், மாட்டைக் குளிப்பாட்டலாம். படைத்துக் கற்பூரம் காட்டுகிற நேரத்தில் ஓரமாக நின்றால் போதும். பல கத்தோலிக்கப் பங்குகளில் கோயில் முற்றத்திலேயே பொங்கல் வைக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் இதை ஒப்பாது. பொட்டு, நகை விஷயத்திலும் அப்படியே. படையல் சோறு குறித்து 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்கள் நேரடியாகப் பேசுகின்றன: பரிமாறுவதை விசாரிக்காமல் சாப்பிடு, ‘இது படைத்தது’ என்று ஒருவன் குறிப்பாகச் சொன்னால் அவன் மனசாட்சிக்காக விட்டுவிடு. அம்மா இலையில் வைத்தால் சாப்பிடுங்கள். ‘இதைத் தின்னுட்டான், பழையபடி நம்ம வழிக்கு வந்துட்டான்’ என்று காட்டுவதற்காகவே யாராவது நீட்டினால் அன்று மட்டும் மரியாதையாக மறுங்கள். உங்கள் சபை இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஏற்பாட்டில், சீரியா நாட்டுத் தளபதி நாகமான் மனம் மாறிய பிறகும், ராஜாவோடு அந்நாட்டுத் தெய்வமான ரிம்மோனின் கோவிலில் குனிய வேண்டியிருக்குமே என்று தயங்கினான். தீர்க்கதரிசி எலிசா சொன்னது ‘சமாதானத்தோடே போ’ என்பது மட்டும்தான். அதைச் சலுகைச் சீட்டாகப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் புதிதாக வந்தவனுக்கு அவகாசம் கொடுக்கப்பட்டது என்பதை அதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

சாவு வீடு இதைவிடச் சிக்கல். குளிப்பாட்டுவது, பாடை தூக்குவது, செலவை ஏற்பது, பதினாறு நாளும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் மகனின் கடமை, அவற்றில் ஒன்றிலும் பின்வாங்காதீர்கள். பிண்டம் வைப்பதும் மந்திரம் சொல்லுவதும் வழிபாடு. கொள்ளி வைப்பது மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, சபைகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. தீ மூட்டுவது அடக்கம் செய்யும் கடமையோடு சேர்ந்தது, செய்யலாம் என்பது என் கருத்து. ஆனால் பல ஊர்களில் கொள்ளி வைத்தவனே கருமாதிக்கும் உட்கார வேண்டும் என்பார்கள். அங்கே தம்பியோ பங்காளி மகனோ வைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இதைப் பெற்றவர்கள் திடமாக இருக்கும்போதே, தம்பியையும் பெரியப்பாவையும் வைத்துக்கொண்டு பேசி முடித்துவிட வேண்டும். பிணத்தைக் கூடத்தில் கிடத்திவிட்டுப் பேச ஆரம்பித்தால் அது அடிதடியில்தான் முடியும்.

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வருவார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து ‘நான் கொடுக்கமாட்டேன்’ என்றால் உங்கள் வீட்டை ஒதுக்கிவைக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். கூட்டத்துக்கு முன்பே நாட்டாமை வீட்டுக்குத் தனியாகப் போய், அதே தொகையை வாய்க்கால் தூர்வாரவோ குளத்துப் படித்துறைக்கோ எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தொகை குறையக் கூடாது. குறைந்தால் காசை மிச்சம் பிடிக்கத்தான் மதம் மாறினான் என்ற பேச்சு வரும். ஒப்புக்கொள்ளாத ஊர்களும் உண்டு. அங்கே என்ன செய்வது என்பதை வெளியிலிருந்து ஒருவர் தீர்மானிக்க முடியாது.

தினசரிப் பழக்கம் இல்லாமல் இவற்றில் எதுவும் நிலைக்காது. பெரிய திட்டம் போடாதீர்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று, வாய்விட்டு வாசித்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும். அது முடிந்ததும் சங்கீதம் 42, 73. ‘உன் தேவன் எங்கே’ என்று நாள்தோறும் கேட்கிறார்கள் என்று 42-ம் சங்கீதக்காரன் அழுவது உங்கள் நிலைமைதான். பதில் தெரியாத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரவு பதினொரு மணிக்கு யூடியூபில் பதில் தேடாதீர்கள், அங்கே இரு பக்கமும் கத்துகிறவர்கள்தான் முதலில் வருவார்கள். மாதம் ஒரு முறை நோட்டை எடுத்துக்கொண்டு உபதேசியாரிடமோ (சபையில் பாடம் சொல்லித்தருகிறவர்) போதகரிடமோ போங்கள். கூடவே இரண்டு மூன்று பேரோடு வாரம் ஒரு நாள் நேரில் சந்திப்பது அவசியம். அதில் ஒருவராவது உங்களைப் போன்ற வீட்டிலிருந்து வந்து பத்து வருடம் தாண்டியவராக இருக்கட்டும். பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவராக இருப்பவர்களுக்குத் திருநீற்றுத் தட்டின் கஷ்டம் புரியாது. ஆட்கள் நழுவுவது பெரும்பாலும் எதிர்ப்பினால் இல்லை. சம்பா அறுவடை வரும், டூட்டி மாறும், நாலு ஞாயிறு விடும், அப்புறம் போகக் கூச்சமாகிவிடும். ஞாயிறு காலை முடியாவிட்டால் மாலை ஆராதனை இருக்கும் சபையைப் பார்த்துவையுங்கள். கத்தோலிக்கர்களுக்குச் சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமைக்குச் சேரும்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். விரும்பிய மதத்தைப் பின்பற்றும் உரிமை அரசியலமைப்பின் 25-ம் பிரிவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஞானஸ்நானத்துக்குப் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி கிறிஸ்தவரானதும் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவீர்கள். சலுகைக்காக மட்டும் இந்து என்று சான்று கேட்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிராகரித்திருக்கிறது. நிலம் குறித்தும் பேச்சு வரும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-ம் பிரிவு, மாறியவருக்கு அதன் பிறகு பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும்போது இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாவதைத் தடுக்கிறது; மாறியவரை அந்தப் பிரிவு விலக்கவில்லை. நாலு மா நிலம் இருக்கும் வீட்டில் பங்காளிகளின் கோபத்துக்குள் இந்தக் கணக்கும் ஓடும், எனவே ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் கர்த்தர் பாத்துக்குவார், முதல்ல தண்ணியில இறங்கு’ என்று அவசரப்படுத்தும் ஊழியரிடமிருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

கிண்டலும் கோபமும் அடியாகவோ வீட்டுக்குள் பூட்டிவைப்பதாகவோ மாறினால் பொறுமையைப் பற்றிய இந்த ஆலோசனை எதுவும் பொருந்தாது. போலீசுக்குப் போகலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். உங்கள் கேள்வியைப் பார்த்தால் நிலைமை அங்கே போகவில்லை. இந்த வருடமே ஞானஸ்நானம் எடுக்கலாமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. போதகரிடம் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை மாத வகுப்பு, அதில் என்ன பாடம்; என் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு முறை பேசுவீர்களா; கொள்ளி, படையல் விஷயத்தில் உங்கள் சபையின் நிலை என்ன. வீட்டுக்கு வர மறுத்தால் வேறொரு போதகரையும் பாருங்கள். வருவதானால் பைபிளைக் கையில் தூக்கிக்கொண்டு நாலு பேரோடு வர வேண்டாம், தனியாக, பழம் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் அம்மா ஓய்வாக இருக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள்.